வடபழனியில் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு: சாப்பாடு அருமை, சான்றிதழ் உடனடி

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் மதியம் வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு காரக்கறி, வெஜிடபிள் பிரியாணி, தயிர்சாதம், பைனாப்பிள் கேசரி. வத்தக்குழம்பில் சுண்டைக்காய் தாராளமாக இருந்தது. ஓட்டல் பஃபேயில் இது அபூர்வம். மாலைத் தேநீருடன் வந்த மசால் வடை சூடாக இருந்தது. மறுநாள் கேசரிக்குப் பதில் குலாப் ஜாமூன், மற்றபடி அதே தரம். குளிர்சாதனம்தான் கொஞ்சம் அதிகம். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வடபழனி மெட்ரோவிலிருந்து நடந்து போகும் தூரம். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, பரங்கிமலையில் மெட்ரோவுக்கு மாறினால் வெயில் அதிகம் படாமல் வந்துவிடலாம்.

ஓட்டலுக்கான மதிப்புரை என்றால் இங்கேயே ஐந்துக்கு நான்கரை போட்டு முடித்திருப்பேன். ஆனால் நான் பணம் கட்டியது அந்த ஓட்டல் மண்டபத்தில் நடந்த இரண்டு நாள் பன்னாட்டுப் பல்துறைக் கருத்தரங்குக்கு. நடத்திய அமைப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் உங்களுக்குப் பயன்படாது. வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பிதழில் ஒரு பெயர், பணம் போன வங்கிக் கணக்கில் ஒரு பெயர், கையில் கொடுத்த ரசீதில் இன்னொரு பெயர். அடுத்த ஆண்டு வேறொரு பெயரில் உங்கள் கைப்பேசிக்கு இதே அழைப்பு வரும்.

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இரண்டாம் ஷிப்டில், அதாவது சுயநிதிப் பிரிவில், வணிகவியல் நடத்துகிறேன். அடக்கவிலைக் கணக்கியல்தான் பல ஆண்டுகளாக என் பாடம். ஆண்டு முடிவில் எங்கள் கையில் ஒரு சுயமதிப்பீட்டுப் படிவம் கொடுப்பார்கள். அதில் 'பங்கேற்ற பன்னாட்டுக் கருத்தரங்குகள்' என்று ஒரு கட்டம் உண்டு. கட்டம் காலியாக இருந்தால் துறைத் தலைவர் கேட்பார், அவரை முதல்வர் கேட்பார், கல்லூரிகளுக்குத் தரநிலை வழங்கும் நாக் (NAAC) குழு வரும் ஆண்டு என்றால் எல்லோரும் சேர்ந்து கேட்பார்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இத்தகைய அழைப்பிதழ்கள் மாம்பூப் போல உதிர்வதற்கு இந்தக் கட்டம்தான் காரணம்.

விலைப்பட்டியல் இது. நேரில் வரும் ஆசிரியருக்கு 2,500 ரூபாய். ஆய்வு மாணவருக்கு 2,000. இணையவழியில் வாசிப்பவருக்கு 1,200. நேரிலும் வராமல் இணையத்திலும் வாசிக்காமல் சான்றிதழ் மட்டும் வேண்டுபவருக்கும் அதே 1,200. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வருகையில்லாப் பங்கேற்பு'. கட்டுரையில் இரண்டாவது பெயர் இருந்தால் அவருக்குத் தனிச் சான்றிதழ், 500. சிறந்த கட்டுரை விருது வேண்டுமென்றால் நினைவுப் பரிசுக்கான செலவு என்று 1,000. விருதுக்கு நடுவர் குழு உண்டா என்று கேட்டேன். "பரிந்துரைப் படிவம் இருக்கிறது மேடம், நீங்களே நிரப்பி அனுப்பலாம்" என்றார் ஒருங்கிணைப்பாளர். மிகவும் பணிவான இளைஞர். வாடிக்கையாளர் சேவையில் இவரை மிஞ்ச ஆளில்லை. இரவு பதினொரு மணிக்குக் கேட்டாலும் பதில் வரும்.

'பன்னாட்டு' என்ற அடைமொழி ஏன் எல்லா அழைப்பிதழிலும் இருக்கிறது என்று வெளியார் கேட்பதுண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் 7 புள்ளி. உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கு என்றால் 5. தேசியக் கருத்தரங்கு 3. மாநில அளவில் 2. ஆக, அதே மண்டபம், அதே வத்தக்குழம்பு, மேடையில் அதே ஆட்கள். மலேசியாவிலிருந்து ஒருவர் ஜூமில் இருபது நிமிடம் முகம் காட்டினால் மூன்று ஐந்தாகிறது. அந்த இரண்டு புள்ளிக்கு நடத்துபவருக்கு ஆகும் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இணைப் பேராசிரியர் பதவிக்கு 75 புள்ளி, பேராசிரியர் பதவிக்கு 120 என்று அதே விதிமுறை கேட்கிறது. எங்கள் துறையில் ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றுக்கு 10. இந்த எண்களை வைத்துக்கொண்டு, எதை எங்கே மலிவாக வாங்கலாம் என்று வணிகவியல் ஆசிரியர்கள் யோசிக்காமல் வேறு யார் யோசிப்பார்கள்?

கட்டுரையை ஒரு மாலை அனுப்பினேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஏற்புக் கடிதம் வந்துவிட்டது. சக ஆய்வாளர்களின் மதிப்பீடு என்று ஒரு பக்கம் இணைத்திருந்தார்கள். 'நல்ல முயற்சி, காலத்துக்கேற்ற தலைப்பு' என்பதுதான் அதில் இருந்த முழு வாசகம். என்னுடன் வந்த விலங்கியல் துறைத் தோழிக்கும் அதே முழு வாசகம். அவருடைய தலைப்பு நன்னீர் நத்தைகள். எந்தக் காலத்துக்கும் பொருந்தும்தான். இதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. 2013இல் 'சயின்ஸ்' இதழுக்காக ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே அடிப்படைப் பிழைகள் வைத்த ஒரு போலிக் கட்டுரையைக் கட்டணம் வாங்கும் 304 ஆய்விதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அந்த 304இல் இந்தியாவிலிருந்து நடக்கும் இதழ்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 64 ஏற்றன, 15 மறுத்தன. அந்தப் பதினைந்து இதழ்களின் ஆசிரியர்களுக்கு யாராவது பொன்னாடை போர்த்தியிருக்கலாம்.

பொன்னாடை என்றதும் தொடக்க விழா நினைவுக்கு வருகிறது. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, நூல் வெளியீடு, மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் ஆடையும் நினைவுப் பரிசும். பத்து மணிக்குத் தொடங்க வேண்டியது பத்தே முக்காலுக்குத் தொடங்கி, நண்பகலை நெருங்கும்போதுதான் முடிந்தது. அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஆலோசனைக் குழு என்று அயல்நாட்டுப் பேராசிரியர்களின் நீண்ட பட்டியல் இருந்தது. அவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் ஆலோசனை சொல்வது தெரியும் என்பது வேறு கேள்வி. ஆய்விதழ்களும் கருத்தரங்குகளும் நடத்தும், ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2016இல் தொடுத்த வழக்கில் இருந்த குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று: கருத்தரங்குக்கு வர ஒப்புக்கொள்ளாத அறிஞர்களை வருவதாக விளம்பரம் செய்தார்கள் என்பது. கட்டணத்தை மறைத்தது, மதிப்பீடு செய்யாமலே செய்ததாகச் சொன்னது ஆகியவையும் சேர்ந்து 2019இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. வடபழனியில் புழங்குவது அந்த அளவுப் பணமில்லை. பழக்கம் மட்டும் ஒன்றுதான்.

அமர்வுகளுக்கு வருகிறேன். பல்துறை என்பதால் என்னுடைய அமர்வில் சங்க இலக்கியத்தில் நீர் மேலாண்மை, அதையடுத்து செவிலியர்களின் பணிச்சுமை, அதையடுத்து சூரிய மின்கலம். தலைவர் இயற்பியல் பேராசிரியர். வணிகவியல் கட்டுரைகளில் பெரும்பாலானவை எங்கள் துறையின் நிரந்தரத் தலைப்புகள்: சென்னை மாநகரில் இன்ன சோப்பு வாங்குவோரின் மனநிறைவு, ஐம்பது பேரிடம் வினாத்தாள், விழுக்காட்டுப் பகுப்பாய்வு, கை வர்க்கச் சோதனை (chi-square), முடிவில் காரெட் தரவரிசை (Garrett ranking) என்று வழக்கமான புள்ளியியல் முறைகள். சோப்பின் பெயரை மாற்றினால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும். ஒருவருக்கு ஏழு நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் முதல் மணி.

இந்த வரிசையில்தான் அந்தப் பெண் எழுந்தாள். ஆய்வு மாணவி, உதவித்தொகை கிடையாது, பகுதி நேரமாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். தலைப்பு, கோயம்பேடு பூச்சந்தையில் தண்டல் கடன். வினாத்தாள் கொடுத்து நிரப்பி வாங்கிய ஆய்வு இல்லை அது. வியாபாரிகள் வைத்திருக்கும் தண்டல் அட்டைகளையும் தினக் கணக்கு நோட்டுகளையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியிருந்தாள். பத்தாயிரம் என்று பேசி, பிடித்தம் போகக் கையில் எட்டாயிரத்து ஐநூறு கொடுப்பார்கள். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் ஆயிரத்து ஐநூறுதானே வட்டி என்று தோன்றும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். இது பலருக்கும் தெரிந்த கணக்கு. அவள் அதற்கு மேல் போனாள். பூ விலை சரியும் நாட்களில் தவணை தவறுகிறது, முகூர்த்த நாட்களில் சேர்த்துக் கட்டுகிறார்கள், தண்டல்காரரும் பஞ்சாங்கம் பார்த்தே பொறுமை காட்டுகிறார் என்று தேதி வாரியாக அட்டவணை போட்டிருந்தாள். வங்கிக் கடனில் இந்த நெளிவு இல்லாததால்தான், வட்டி குறைவு என்று தெரிந்தும் இவர்கள் வங்கிக்குப் போவதில்லை என்பது அவள் வாதம். நான் நோட்டை எடுத்துக் கேள்விகளைக் குறிக்கத் தொடங்கினேன். மார்கழியில் முகூர்த்தம் இல்லையே, அப்போது என்ன ஆகிறது? தவணை தவறினால் கூடுதல் வட்டியா, புதுக் கடனாக மாற்றி எழுதுகிறார்களா? அட்டவணையில் அவள் இதற்குத்தான் வந்துகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

மணி அடித்தது. தலைவர் கடிகாரத்தைக் காட்டினார். "கேள்விகளை உணவு இடைவேளையில் வைத்துக்கொள்ளலாம், இன்னும் பதினான்கு பேர் இருக்கிறார்கள்" என்றார். அடுத்தவர் பெயரை அழைத்தார்கள். அவர் வருகையில்லாப் பங்கேற்பாளர், ஆகவே தலைப்பை மட்டும் படித்துக் கைதட்டினோம். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஆளே இல்லாத நாற்காலிக்குக் கைதட்டினோம்.

இடைவேளையில் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன். இரண்டாயிரம் ரூபாய் கட்டி வந்திருக்கிறாள். யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்து, பதில்களைக் கூட எழுதி வைத்திருந்தாள். "நெறியாளர் இரண்டு கட்டுரைகள் வெளியாக வேண்டும் என்கிறார் மேடம்" என்றாள். முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022 நவம்பரில் வந்த விதிமுறையிலேயே கைவிட்டுவிட்டது. பல்கலைக்கழகமோ நெறியாளரோ தாமாக வைக்கும் கட்டாயம் அப்படியே இருக்கிறது.

அன்று மாலை மெட்ரோவில் வரும்போது பழக்கதோஷத்தில் ஓர் அடக்கவிலைப் பட்டியல் போட்டேன். செலவு எண்கள் என் ஊகம். கல்லூரி விழாக்களுக்கு ஓட்டல் மண்டபம் பிடித்த அனுபவத்தில் எழுதியவை. கையேட்டில் 146 கட்டுரைகள். மண்டபத்தில் பணம் கட்டி உட்கார்ந்திருந்தவர்கள் ஐம்பது பேர் போல. ஆசிரியர்கள் பாதி, மாணவர்கள் பாதி என்று வைத்தால் 1,12,500 ரூபாய். மீதி 96 பேரிடம் தலைக்கு 1,200 என்று 1,15,200. இரண்டாம் பெயர்ச் சான்றிதழ் எண்பது, விருது இருபது என்று வைத்தால் இன்னும் 60,000. மொத்த வரவு 2,87,700. செலவுப் பக்கம்: விருந்தினர், அமைப்பாளர் உட்பட அறுபது பேருக்கு மண்டபமும் சாப்பாடும் நாளுக்குத் தலைக்கு 750, இரண்டு நாளுக்கு 90,000. சணல் பை, கையேடு, பொன்னாடை, பரிசு, மதிப்பூதியம், கார் எல்லாம் சேர்த்து ஒரு 44,000. ஆக ஒன்றரை லட்சத்துக்கு மேல் மிச்சம். இதில் தவறு ஒன்றுமில்லை. வியாபாரம் என்றால் லாபம் வேண்டும்.

கவனிக்க வேண்டியது தலா ஒருவரிடமிருந்து கிடைக்கும் பங்களிப்பு. கோயம்பேட்டுப் பெண் 2,000 கட்டினாள். அவளுக்குச் சாப்பாடு 1,500, பை 80, கையேடு 150. நடத்துபவர் கையில் நிற்பது 270 ரூபாய். வராதவர் 1,200 கட்டினார். அவருக்கான செலவு ஒரு பிடிஎஃப் கோப்பு. வராதவர் ஒருவர், வந்த மாணவர் நான்கு பேருக்கு மேல் சமம். என் மாணவர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுத்து எந்தப் பொருளின் உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்று கேட்டால், கடைசி பெஞ்ச் கூடச் சரியாகச் சொல்லும். நேரில் வந்து, தான் கண்டதைச் சொல்லி, நாலு கேள்வி கேட்டுக்கொண்டு போக விரும்புகிறவர்தான் இந்தத் தொழிலில் மிகவும் நட்டமான வாடிக்கையாளர். மணி அவருக்குத்தான் அடிக்கும்.

ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை. சேவை வழங்குபவரின் ஆண்டு விற்றுமுதல் இருபது லட்சத்தைத் தாண்டாவிட்டால் பதிவு தேவையில்லை என்பது சட்டம். என் கணக்குப்படி ஆண்டுக்கு ஏழு கருத்தரங்கு நடத்தினால் தாண்டிவிடும். கோவை, மதுரை, புதுச்சேரி என்று வரப்போகும் நிகழ்வுகளின் துண்டறிக்கையைப் பையிலேயே வைத்திருந்தார்கள். இதற்கு மேல் நான் எண்ணவில்லை.

கையேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டையில் ஐஎஸ்பிஎன் எண் பெரிய எழுத்தில் இருக்கிறது. பலர் அதைத் தர முத்திரை என்று நினைத்துக் கட்டணம் கட்டுகிறார்கள். ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்துக்கான அடையாள எண். இந்தியாவில் அதை அரசு அமைப்பு இலவசமாகவே வழங்குகிறது. ஆய்விதழுக்கான ஐஎஸ்எஸ்என் எண்ணும் அப்படியே. உள்ளே இருப்பதை யாரும் படித்துப் பார்த்து அந்த எண்களைக் கொடுப்பதில்லை. அழைப்பிதழில் 'யுஜிசி கேர் பட்டியல் இதழில் வெளியீடு' என்றும் அச்சிட்டிருந்தார்கள். கேர் என்பது மானியக் குழு (யுஜிசி) ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியல். அதைக் கைவிட்டுவிட்டதாக மானியக் குழு 2025 பிப்ரவரியில் பொது அறிவிப்பே வெளியிட்டது. இனி இதழ்களின் தரத்தை அந்தந்தக் கல்வி நிறுவனமே சோதித்துக்கொள்ள வேண்டும் என்றது. அழைப்பிதழின் பழைய வடிவமைப்புக் கோப்பை யாரும் திருத்தவில்லை போலும்.

மேல்நிலைச் சேவையும் உண்டு. அதை நான் வாங்கவில்லை, விசாரித்தேன். ஸ்கோபஸ் என்ற பன்னாட்டு ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் பட்டியலில் உள்ள இதழில் 'உறுதியான வெளியீடு', ஐந்து இலக்கத் தொகை, பாதி முன்பணம், பாதி ஏற்புக் கடிதம் வந்தபின். முதல் பெயருக்கு ஒரு விலை, மூன்றாம் பெயருக்கு ஒரு விலை. விதிமுறையில் முதன்மை ஆசிரியருக்கு எழுபது விழுக்காடு, மற்றவர்களுக்கு முப்பது என்று புள்ளிகள் பிரிவதால், விலையும் அதே விகிதத்தில் இறங்குகிறது. விலை நிர்ணயத்தில் இவ்வளவு நேர்த்தியை நான் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். எந்த இதழ் என்று கேட்டால் பணம் கட்டிய பின்தான் சொல்வார்களாம்.

இதை வாங்கும் நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலை இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். இதழின் பெயரைத் தேடினால் மட்டும் போதாது. எந்த ஆண்டுவரை சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தரம் குறைந்த இதழ்களை அவர்கள் இடையில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்திய பின்னும் தரகர்கள் அந்தப் பெயரை விற்பார்கள். இன்னொன்று, உண்மையான இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் திருடி, அச்சு அசலாக வேறொரு இணையதளம் நடத்துகிறார்கள். கட்டுரை வெளியாகும், சுட்டி வரும், எல்லாம் வரும். பட்டியலில் மட்டும் இருக்காது. ஆகவே தரகர் அனுப்பும் சுட்டியில் நுழையாதீர்கள். ஸ்கோபஸ் பக்கத்திலிருந்து பதிப்பாளரின் தளத்துக்குப் போய், அந்த இதழின் பழைய கட்டுரை இரண்டைத் திறந்து படியுங்கள்.

இவ்வளவும் சொன்னதால் பெரிய பதிப்பாளர்கள் பக்கம் நான் சாய்ந்திருக்கிறேன் என்று எண்ண வேண்டாம். ஸ்கோபஸை 2004இல் தொடங்கியதும் இன்று நடத்துவதும் எல்செவியர் என்ற ஆய்விதழ்ப் பதிப்பகம். ஆய்விதழ்களை விற்பதும் அவர்கள்தான், எது நல்ல ஆய்விதழ் என்ற பட்டியலைப் பராமரிப்பதும் அவர்கள்தான். கட்டுரை எழுதுபவருக்கு அவர்கள் சம்பளம் கொடுப்பதில்லை, மதிப்பீடு செய்பவருக்கும் பொதுவாகக் கிடையாது. தாய் நிறுவனமான ரெலெக்ஸின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். அறிவியல் பதிப்புப் பிரிவில் அண்மை ஆண்டுகளில் இயக்க லாபம் நூற்றுக்கு 37, 38 என்று நிற்கிறது. மூலப்பொருளும் தரக் கட்டுப்பாடும் இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு தொழிலை நான் என் வகுப்பில் உதாரணம் காட்ட முடிந்ததில்லை. 'நேச்சர்' இதழில் எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி கட்டுரை வெளியிட, எழுதியவர் தரப்பு கட்ட வேண்டிய தொகை 2021இல் 9,500 யூரோ. இரண்டாம் ஷிப்ட் ஆசிரியரின் ஆண்டுச் சம்பளம் பல இடங்களில் அதைவிடக் குறைவு.

கட்டணத்தை வாசகரிடமிருந்து எழுதுபவர் பக்கம் மாற்றியபோது கணக்கு தலைகீழானது. சந்தா கட்டுகிற நூலகம், குப்பை வந்தால் சந்தாவை நிறுத்தலாம். எழுதுபவர் கட்டும்போது, ஏற்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் வரவு. மறுக்கப்படும் ஒவ்வொன்றும் வெறும் செலவு. வைலி நிறுவனம் 2021இல் 29.8 கோடி டாலருக்கு ஹிந்தாவி என்ற பதிப்பகத்தை வாங்கியது. சிறப்பிதழ்கள் என்ற வாசல் வழியாக, காசுக்குப் போலிக் கட்டுரை தயாரித்துத் தரும் கட்டுரை ஆலைகள் உள்ளே நுழைந்தன. 2023இல் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹிந்தாவி கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்தப் பெயரையே கைவிடுவதாக அதே ஆண்டு இறுதியில் அறிவித்தார்கள். நம் வடபழனி இளைஞர் 1,200 ரூபாய்க்குச் செய்வதை அவர்கள் டாலரில் செய்தார்கள். ஒரு வித்தியாசம் உண்டு, அதை மறைக்கக் கூடாது: அங்கே யாரோ படித்துப் பார்த்ததால்தான் குட்டு வெளிப்பட்டது. எங்கள் கையேட்டில் திரும்பப் பெறுவதற்கு, முதலில் ஒருவர் படிக்க வேண்டும்.

படிப்பதும் எங்களுக்குச் சுலபமில்லை. கல்வி நிறுவனங்கள் ஆய்விதழ்களைப் படிக்க, ஒரே நாடு ஒரே சந்தா என்று மத்திய அரசு 2024 நவம்பரில் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பாளர்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். முதல் கட்டத்தில் பயன்பெறுவது 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள். எங்கள் கல்லூரி அந்தக் கணக்கில் வராது. கட்டுரை எழுதச் சொல்லும் படிவம் அரசுக் கல்லூரிக்கும் எங்களுக்கும் ஒன்றுதான்; படிக்கும் சாவி மட்டும் அவர்களிடம்.

கோயம்பேட்டுப் பெண்ணுக்கு நான் சொன்ன மாற்று வழிகளை இங்கேயும் எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும். அடையாறு காந்தி நகரில், மால்கம் ஆதிசேஷையா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே நடக்கும் கருத்துரைகளுக்குப் போனால் பையும் கிடைக்காது, கேசரியும் கிடைக்காது. நான் போனபோதெல்லாம் பேசிய நேரத்துக்குச் சமமாகக் கேள்வி நேரம் இருந்தது. ஒரு முறை ஓர் அட்டவணையின் ஒரே ஒரு நெடுவரிசையை வைத்துக்கொண்டு பேச்சாளரை அரை மணி நேரம் பிழிந்தார்கள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். கட்டுரைக்கு, மும்பையிலிருந்து வரும் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' உண்டு. எழுதுபவரிடம் காசு வாங்குவதில்லை. பதில் வரப் பல மாதங்கள் ஆகலாம், மறுப்பாகவும் இருக்கலாம். அவள் முகம் வாடியது. அவளுக்கு ஜூனுக்குள் இரண்டு கட்டுரை வேண்டும். நான் மணியை அடித்த தலைவரைவிட மேலானவளாக நடந்துகொண்டேனா என்று தெரியவில்லை, ஆனால் அந்த அட்டவணையைக் கையேட்டில் புதைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதே என்று மட்டும் அழுத்திச் சொன்னேன். மார்கழிக் கணக்கை எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இனி மதிப்பெண். சாப்பாடு நான்கரை. இடம் நான்கு. ஒருங்கிணைப்பாளரின் பணிவு ஐந்து. கல்வி சார்ந்து மதிப்பெண் போட வேண்டுமென்றால் அரை, அந்த ஏழு நிமிடத்துக்காக. கட்டாயத்தின் பேரில் போகிறவர்கள் 2,500 கட்டி நேரில் போங்கள்; அந்தக் கட்டணத்தில் நடத்துபவருக்கு மிஞ்சுவது குறைவு, உங்களுக்கு மதிய உணவாவது நிச்சயம். விருதுக்கு ஆயிரம் கட்ட வேண்டாம். நினைவுப் பரிசு பிளாஸ்டிக். சான்றிதழை மேடையிலிருந்து இறங்கும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் பெயருக்கு முன் வரும் இனிஷியல் மாறியிருந்தது. திருத்தக் கட்டணம் 200 ரூபாய் என்றார்கள், கட்டிவிட்டேன். திருத்திய பிரதி பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது, இந்த முறை ஊர்ப் பெயரில் பிழையுடன்.